சும்மா இருந்த சிப்

— ஃபேன் சுத்துதில்ல? அப்போ உசுரு இருக்குன்னு அர்த்தம். கம்ப்யூட்டரை இங்க வெச்சுட்டுப் போ, தங்கச்சி. அடுத்த வாரம் பாத்துச் சொல்றேன்.

— விசிறி சுற்றுகிறது, பொன்சாமி அண்ணா. திரையில்தான் ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரம் வரை எனக்குப் பொழுதில்லை. இரண்டு தாள் வரைந்து முடிக்க வேண்டும். வியாழக்கிழமை நான் சுவாவில் இருக்க வேண்டும்.

— சுவாவா! தலைநகரத்துக்கா, இந்தச் சமயத்துலயா? ரோடு பூரா செக்பாயிண்ட்டு. பஸ்ஸை நிறுத்தி மூட்டையெல்லாம் அவுத்துப் பாக்குறான். புருஷன் ஆக்லாந்துல ஒக்காந்து வழி பாத்துக்கிட்டிருக்கான், நீ இங்க எவனுக்கோ வீட்டுப் படம் போட்டுக்கிட்டு... யாரு ரஞ்சனா, இப்போ வீடு கட்டுறது? கட்டின வீட்டையே வாங்க ஆளக் காணோம்.

— யாராவது ஒருவர் எப்போதும் வீடு கட்டிக்கொண்டுதான் இருப்பார், அண்ணா.

— என் கடையப் பாரு. இந்த டிவி, அந்த ஃப்ரிட்ஜு, மேல அடுக்கியிருக்கற டேப்ரிகார்டரு. எதுவும் ரிப்பேருக்கு வந்ததில்ல. நாட்ட விட்டுப் போறவங்க தள்ளிட்டுப் போனது. மே மாசம் துப்பாக்கியக் காட்டி ஆட்சியப் புடிச்சதுக்கு அப்புறம் மார்டின்டார்ல ஓட்டலுங்க எல்லாம் நாற்காலியக் கவுத்துப் போட்டுட்டான். நான் மட்டும் கடையத் தெறந்து வெச்சு ஊர்க்காரங்க டிவிக்கெல்லாம் தொடச்சுப் பொட்டு வெச்சுக்கிட்டிருக்கேன்.

— அதனால்தான் உங்களிடம் வந்தேன். திறந்திருக்கும் கடை இது ஒன்றுதான்.

— நீ இப்டி அச்சடிச்ச மாதிரி பேசினா எனக்கு தமிழ்ச் சங்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் வந்துட்டாப்பல, எழுந்து நிக்கலாமான்னு தோணுது.

— எனக்குக் கற்றுக்கொடுத்த தமிழ் இது ஒன்றுதான். அதற்குப் பிறகு பேசிப் பழக வீட்டில் ஆள் இல்லை. என் கணவர் பேசுவது இந்தி. மகள் நிகிதாவுக்கு இந்தியும் இங்கிலீஷும். வேண்டுமானால் இந்தியிலேயே பேசலாம்.

— வேணாம் வேணாம். பக்கத்துல தையக் கடை ஆஷா இருக்காளே, அவ காது ஏரியல் மாதிரி. இந்தில பேசினா பொழுது சாயறதுக்குள்ள நாடி டவுன் பூரா தெரிஞ்சுடும். தமிழ்லயே பேசு. அச்சா, மூடியக் கழட்டு. பாப்போம்.

— நானே கழற்றித்தான் கொண்டுவந்திருக்கிறேன். சும்மா மேலே வைத்திருக்கிறேன். தூக்குங்கள்.

— ம்... தூசி. எவ்ளோ தூசி. கரும்பு கொளுத்தின சாம்பலெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. இது எரிஞ்சுபோச்சு, தங்கச்சி. போர்டே எரிஞ்சுபோச்சு. சாமி சத்தியமா சொல்றேன், இதுக்கு இனிமே செலவு பண்றது வேஸ்ட்டு.

— எங்கே எரிந்திருக்கிறது?

— உள்ளுக்குள்ள. கண்ணுக்குத் தெரியாது.

— நல்லது. கண்ணுக்குத் தெரிவதைப் பற்றி முதலில் பேசுவோம். இங்கே ஒரு சாக்கெட் காலியாக இருக்கிறது.

— அதுவா? அது எப்பவும் காலியாத்தான் இருக்கும். இது ஃபோர் எய்ட்டி சிக்ஸ் எஸ்எக்ஸு. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னாடி வந்த மெஷினு. கூட்டல், கழித்தல், எழுத்து அடிக்கறதெல்லாம் பண்ணும். புள்ளி வெச்ச கணக்கு, கோணம், வளைவுன்னு வந்தா மூச்சு வாங்கும். அதுக்குத் தனியா ஒரு கணக்கு சிப்பு. கோப்ராஸஸர்ம்பான். வேணும்னா வாங்கிச் சொருகிக்கலாம், வேணாம்னா விட்டுடலாம். முக்காவாசிப் பேரு வாங்கமாட்டான். அந்தக் குழிதான் இது.

— அப்படியா?

— சாமி சத்தியமா.

— யோசித்துப் பாருங்கள், அண்ணா. நான் வரையும் ப்ரோகிராம் கணக்கு சிப் இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. முதல் நாளே அப்படித்தான் முகத்தில் அடித்தாற்போல் எழுதிக் காட்டியது. அதற்காகவே சிட்னியிலிருந்து என் தம்பி அந்தச் சிப்பை வாங்கி வந்தான். ஐந்து வருஷம் அதில் வரைந்தேன். அவர் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் வரை திறந்தது. அப்படியானால் கணக்கு சிப் உள்ளே இருந்தது.

— இருந்திருக்கும்...

— இருந்தது அல்ல, இருக்கிறது. ஓரத்துச் சாக்கெட்டில்தான் தம்பி சொருகினான். நான் டார்ச் பிடித்தேன். இதோ, அது அதே இடத்தில் இருக்கிறது. காலியாக இருப்பது மற்றது. முதல் சாக்கெட். மெஷினோடு வந்த ப்ராஸஸர் இருந்த இடம்.

— அந்த இடமா? தூசில ஒண்ணும் தெரியலியே.

— தூசியைப் பாருங்கள். போர்டு முழுவதும் தூசி. அந்தச் சதுரம் மட்டும் சுத்தம். உங்கள் கடையில் டிவியைத் தூக்கின இடம் இப்படித்தான் இருக்கும்.

— உன்னை போலீஸ்ல சேத்துருக்கலாம், தங்கச்சி.

— நேற்று அவருக்கு ஃபோன் செய்தேன். சிப்பைக் கழற்றினீர்களா என்று கேட்டேன். "ஆமா, அது சும்மா இருந்த சிப். கணக்கு சிப்தான் எல்லா வேலையும் செய்கிறது. கிடந்து வீணாகப் போகிறதே என்று பொன்சாமிக்கு விற்றுவிட்டேன்" என்றார். அதன் பிறகு மெஷின் எழுந்திருக்கவில்லை என்றேன். பழைய மெஷின்தானே, போகட்டும், நீ கிளம்பு என்றார்.

— வித்துட்டேன்னா சொன்னான்?

— அப்படித்தான் சொன்னார். ஏன், விற்கவில்லையா?

— வித்தான், வித்தான். நான்தான் வாங்கினேன்.

— அப்படியானால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்திருக்கிறேன். விலை நீங்கள் சொல்வதுதான்.

— அதுக்கு எங்க போறது? கைமாறிடுச்சே. பா ஊர்ல ஒருத்தன் வந்து கேட்டான், குடுத்துட்டேன்.

— யார்?

— அவன்... அப்பல்சாமி.

— எந்த அப்பல்சாமி?

— ஒரு அப்பல்சாமி. ஒசரமா இருப்பான். சாமி சத்தியமா அவன்கிட்டதான் இருக்கு.

— அண்ணா, உங்களை எனக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்? நீங்கள் நிஜம் சொல்லும்போது சாமியைக் கூப்பிட்டதே இல்லை.

— என்ன பேச்சு பேசுற நீ! வீட்டுல ரெண்டு வார்த்தை பேசாத பொம்பள, இங்க வந்து... இரு. டீ குடிக்கிறியா?

— குடிக்கிறேன். குடித்துக்கொண்டே ஒரு சந்தேகம் கேட்கலாமா?

— கேளு.

— அவர் சொன்னது நியாயமாகத்தான் படுகிறது. வேலையெல்லாம் கணக்கு சிப் செய்தால், மற்றது போனால் என்ன? மெஷின் ஓடத்தானே வேண்டும். ஏன் ஓடவில்லை?

— அதுவா... அதுல ஒரு வெவகாரம் இருக்கு. சொன்னா நம்பமாட்டே. சத்தியம் பண்ணாமலே சொல்றேன்.

— அப்படியானால் நம்புகிறேன்.

— கணக்கு சிப்புன்னு பேரு வெச்சு விக்கறானே, அது வெறும் கணக்கு சிப்பு இல்ல. அதுவே ஒரு முழு ப்ராஸஸரு. மொத சிப்பு பண்ற அத்தனையும் பண்ணும், கூடக் கணக்கும் பண்ணும். ஒத்தாசைக்கு வந்த மாதிரி பக்கத்துக் குழில ஒக்காரும். ஒக்காந்ததும் மொத ஆளப் பாத்து, நீ சும்மா இருன்னு வாய அடச்சுடும். அதுக்கப்புறம் எல்லாம் இதுதான். மொத ஆளு பேருக்கு ஒக்காந்திருக்கான். ஒரு வேல கெடயாது.

— அப்படியானால் அவர் சொன்னது சரி.

— பாதி சரி. மெஷினப் போட்டதும் அந்தக் கணக்கு சிப்பு மொதல்ல என்ன பண்ணும்னா, பக்கத்துக் குழில ஆளு இருக்கானான்னு பாக்கும். இருந்தா வேலைய ஆரம்பிக்கும். இல்லையா, எழுந்திரிக்காது. எல்லாம் தெரிஞ்சும் செத்த மாதிரி கெடக்கும்.

— வேலை செய்ய வேண்டாம். ஆனால் இருக்க வேண்டும்.

— அதேதான். ஏன் அப்டிப் பண்ணினான்னு எனக்கும் புரியல. தனியா ஓடக்கூடாதுன்னு செஞ்சவன் நெனச்சிருக்கான்.

— விசித்திரமாக இருக்கிறது.

— விசித்திரமா? நம்ம கதையே அதானே, தங்கச்சி. இந்த மண்ணோட பூர்வகுடி கைவித்திக்காரன், நெலம் அவனுது. நாம வந்து கரும்பு போட்டோம், கடை போட்டோம், எல்லாம் நாமதான் ஓட்டுறோம்னு நெனச்சோம். அவன் அங்க ஒக்காந்திருக்கறதாலதான் நாம ஓடுறோம்னு நமக்குத் தெரியல. எண்பத்தேழுல ஒருதரம் ஆட்சியப் புடிச்சுச் சொன்னான். இப்போ ரெண்டாயிரத்துல மறுபடியும்...

— உவமையை அவ்வளவு தூரம் இழுக்காதீர்கள், அண்ணா. அறுந்துவிடும். சிப்புக்குக் குத்தகை முடிவதில்லை. துப்பாக்கியோடு பார்லிமெண்டுக்குள் போவதும் இல்லை. எங்களுக்குக் குத்தகைக்கு விட்ட கைவித்தி நிலத்துக்காரர் சும்மா உட்கார்ந்திருப்பவரா? மே மாதம் ஊரே பதறிக் கிடந்தபோது ஒரு மூட்டை மரவள்ளியைத் தோளில் சுமந்து வந்து வாசலில் இறக்கிவிட்டு, பயப்படாதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

— அச்சா, அச்சா. இழுக்கல. விட்டுட்டேன். டீ ஆறிடும், குடி.

— இன்னொன்று. இந்த விஷயம் உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?

— எந்த விஷயம்?

— முதல் சிப் இல்லாவிட்டால் மற்றது எழாது என்பது.

— அது... எத்தனை மெஷினப் பிரிச்சிருக்கேன். ரொம்ப நாளாத் தெரியும்.

— சரி. அந்தச் சிப்பை அவர் கொண்டுவந்தபோது இதை அவரிடம் சொன்னீர்களா?

— ஞாபகம் இல்ல.

— சத்தியம் செய்யவில்லையே?

— அட போ, தங்கச்சி! இப்போ எதுக்கு அதெல்லாம்? மெஷின் ஓடணும், அவ்ளோதானே? ஓட வேணாம்னு சொல்றேன். கெளம்பு. புள்ளையக் கூட்டிக்கிட்டு ஆக்லாந்து போ. உன் புருஷன் பல்ராம் என்ன தப்பா சொல்றான்? சாயங்காலம் வேரை இடிச்சுக் கரைச்ச க்ராக் பேசினைச் சுத்திக் குடிக்க ஒக்காந்தா முன்னெல்லாம் எடம் பத்தாது. இப்போ நானும் வீரசாமியும் எதிரெதிரா ஒக்காந்து ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டிருக்கோம். வீரசாமியும் மகன் கூப்பிட்டுட்டான்ங்கறான். நீயும் போயிட்டா, இந்தத் தெருவுல என்னோட தமிழ் பேச ஆளே கெடயாது. இருந்தும் சொல்றேன். போ.

— நான் போக வேண்டும் என்று உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

— ஏன்னா...

— சொல்லுங்கள்.

— ஏன்னா அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.

— என்ன வாக்கு?

— கழுத்துல கத்திய வெச்ச மாதிரி கேக்காத. டீ கிளாஸை அப்டி வை. சொல்றேன். சத்தியம் பண்ணாம சொல்றேன். அவன் எனக்கு விக்கல. ஒரு காசு வாங்கல. மாரியம்மன் கோயில் தீமிதிக்கு நான் காப்புக் கட்டின அன்னிக்கு வந்தான். கைல மஞ்சக் கயிறு. நான் கோயில்லயே படுத்துக்கறேன், உப்புக்கூடச் சேத்துக்கறதில்ல. சிப்பை சிகரெட்டுப் பெட்டி வெள்ளிக் காகிதத்துல சுத்தி எடுத்துக்கிட்டு வந்து, அண்ணே, இதை வெச்சுக்குங்க, ரஞ்சனா வந்து கேட்டா கைல குடுக்காதீங்க, அவ ஆக்லாந்து வந்து சேந்ததும் தூக்கிப் போட்டுடுங்கன்னான். சரின்னுட்டேன். காப்புக் கட்டின கையோட சொல்லிட்டேன். அதே கையோட நெருப்புல எறங்கி ஏறி வந்தேன். ஒரு கொப்புளம் இல்ல. இப்போ அந்த வாக்க எப்டி மீறுவேன், சொல்லு.

— ஏன் என்று கேட்கவில்லையா அவரை?

— கேட்டேன். அழுதுட்டான்.

— அழுதாரா?

— அவ பயப்பட மாட்டேங்குறா, அண்ணே. நான் ஒருத்தன் மட்டும் பயந்தா குடும்பம் எப்டிக் கெளம்பும்? அந்த மெஷினு ஓடுற வரைக்கும் அவ அசைய மாட்டா. அது நின்னாத்தான் வருவான்னான்.

— மே மாதம் அந்தச் செய்தி வந்த இரவு அவர் செருப்பைப் போட்டுக்கொண்டே படுத்தார். கட்டிலில். போர்வைக்கு வெளியே இரண்டு செருப்பு. எண்பத்தேழில் வுனிமோனோவில் அவர் அப்பா வீட்டுத் தகரத்தின் மேல் விடிய விடியக் கல் விழுந்ததாம். வெறுங்காலோடு கரும்புக்குள் ஓடினாராம். இந்த முறை செருப்போடு ஓட வேண்டும் என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

— பாத்தியா. உனக்கே தெரியுது. பயத்துல பண்ணின வேலை, தங்கச்சி. அவன் கெட்டவன் இல்ல.

— கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அண்ணா.

— நல்லவன். உன் நல்லதுக்குத்தான் பண்ணினான்.

— சிப் எங்கே?

— இங்கதான். சாமி படத்துக்குக் கீழ, கற்பூர டப்பால.

— எனக்கு வியாழக்கிழமை. இன்று திங்கள். கணக்கு சிப் வைத்த மெஷின் லாடோகாவில் ஒரு படம் வரையும் கடையில் இருந்தது. அவர்கள் ஜூன் மாதமே பிரிஸ்பேன் போய்விட்டார்கள். வேறு வழி இருந்தால் உங்களை இந்தச் சங்கடத்தில் நிறுத்த மாட்டேன்.

— அவ்ளோ முக்கியமா அந்த வேலை?

— என் உயிர் அதில்தான் இருக்கிறது என்று சொன்னால் மிகையாக இருக்கும். ஆனால் வேறு எதில் இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

— இரு. யோசிக்க விடு. நான் அவன்கிட்ட என்ன சொன்னேன்? ரஞ்சனா கைல குடுக்கமாட்டேன்னேன். கைலன்னுதானே சொன்னேன்.

— அப்படித்தான் நீங்கள் இப்போது சொன்னீர்கள்.

— மெஷின்ல போடமாட்டேன்னு சொல்லல. என் கடைல வெச்சு, என் கையால போட்டு, நீ இங்கயே இந்த பெஞ்சுல ஒக்காந்து வரைஞ்சுட்டுப் போனா? சாயங்காலம் கழட்டி மறுபடி டப்பால வெச்சுட்டா? உன் கை அதுமேல படவே இல்லியே.

— மாரியம்மன் இதை ஒப்புக்கொள்வாளா?

— அவளும் பொம்பளதான். ஒப்புக்குவா. தள்ளு, டப்பாவ எடுக்கறேன். இந்தா பாரு, கிட்ட வராத. தொட்டு கிட்டு வெச்சுடாத.

— கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். போதுமா?

— போதும். வெளக்க மட்டும் இப்டித் திருப்பு. மூலைல புள்ளி இருக்கு பாரு, அதும் குழில இருக்கற புள்ளியும் ஒரே பக்கம் வரணும். அழுத்தினா கம்பி வளையும். மெதுவா... மெதுவா... ஆங். ஒக்காந்துட்டான் பழைய ஆளு. சும்மா ஒக்காரு, ராசா, ஒரு வேலையும் செய்ய வேணாம். ஸ்விட்ச்சப் போடு. ஸ்விட்ச்ச நீ போடலாம், அதுக்குத் தடையில்ல.

— போட்டுவிட்டேன்.

— எண்ணுது! மெமரிய எண்ணுது பாரு! அடி என் ஆத்தா!

— ஆமாம். எழுந்துவிட்டது.

— அழுவறியா?

— இல்லை. திரை வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. நகருங்கள், ப்ரோகிராமைத் திறக்கிறேன்... திறந்துவிட்டது. ஜூலையில் விட்ட இடம் அப்படியே இருக்கிறது.

— இதுக்குத்தானா இத்தனை பாடு! காட்டு, என்ன வீடுன்னு பாப்போம். ஓ... நல்ல வீடுதான். ஆனா இதென்ன கூரைக்கு மேல நீட்டிக்கிட்டு?

— புகைபோக்கி.

— புகைபோக்கியா? நாடில எவன் குளிர் காயறான்? வெளிச் சமையலறை இல்ல. காத்து வர்ற லூவர் ஜன்னல் ஒண்ணுகூட இல்ல. புயலுக்குக் கூரைய இழுத்துக் கட்டற பட்டை எங்க? செவுத்துக்கு நடுவுல என்னத்த அடைச்சு வெச்சிருக்கே?

— குளிர் உள்ளே வராமல் இருக்கப் பஞ்சு மாதிரி ஒன்று.

— தங்கச்சி. இது எந்த ஊரு வீடு?

— நியூசிலாந்து. அந்த ஊர் விதிப்படி எனக்கு வரையத் தெரியும் என்று காட்ட வேண்டும். வியாழக்கிழமை சுவாவில் அவர்களுடைய ஆபீஸில் இன்டர்வியூ.

— உனக்கா?

— எனக்கு. குடியேற மனுப் போட்டிருக்கிறேன். மார்ச் மாதத்திலேயே போட்டுவிட்டேன்.

— மார்ச்சுலயா? ஆட்சியப் புடிக்கறதுக்கு முன்னயா? நீதான் போகமாட்டேன்னு நிக்கறேன்னு அவன்...

— கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவர் சொன்னபோது வரவில்லை என்றேன். போகமாட்டேன் என்று சொல்லவில்லை. நீங்கள் வாக்கைப் பிரித்துப் பார்த்தீர்களே, அதைப் போலத்தான்.

— அப்போ ஏன் அவன்கிட்ட சொல்லல?

— சொன்னால் முதல் பெயராகத் தன் பெயரை எழுதச் சொல்வார். எண்பத்தெட்டில் மனுப் போட்டபோது அப்படித்தான் எழுதினார். மறுத்துவிட்டார்கள். உங்களிடமெல்லாம், எனக்குத்தான் போக இஷ்டமில்லை என்று சொல்லிக்கொண்டார்.

— அவன் பேர போட்டா என்ன? அவன்தானே படம் வரையறவன். நீ ஒத்தாசைதானே.

— கீழே வலது மூலையில் ஒரு கட்டம் இருக்கிறது. படியுங்கள்.

— வரைந்தவர்... ரஞ்சனா.

— ஐந்து வருஷம் இந்த மெஷினில் எத்தனை வீடு வரைந்தேனோ, அத்தனையிலும் அந்தக் கட்டத்தில் அவர் பெயர்தான். கவுன்சிலுக்கு எடுத்துப் போவார், வீட்டுக்காரர்களோடு பேசுவார், க்ராக் குடிப்பார். கோடு இழுத்தது நான். என் பெயர் போட்ட முதல் படம் இது. இதை முடித்துக் காட்டாவிட்டால் எனக்கு அங்கே இடமில்லை. என்னைக் கிளப்புவதற்காக அவர் நிறுத்தியது, நான் கிளம்புவதற்கான ஒரே வழியை.

— அடக் கடவுளே. பைத்தியக்காரப் பய. அவன் கதவ அவனே சாத்திருக்கான். அவன் விசா?

— அக்டோபரில் முடிகிறது.

— பாத்தியா, பாத்தியா! உன் மனு இருந்தாத்தான் அவனும் அங்க தங்க முடியும். இந்த ஃபோன எடு. இப்பவே அவனைக் கூப்பிட்டுச் சொல்லு. சிரிப்பான். மொதல்ல அழுவான், அப்புறம் சிரிப்பான். பாவம், தெரியாமப் பண்ணிட்டான்.

— தெரியாமலா?

— மனுவப் பத்தித் தெரியாமன்னு சொல்றேன்.

— மெஷினைப் பற்றி?

— அது... அது தெரியும். நான்தான் சொன்னேன். இத எடுத்தா அது எழுந்திரிக்காதுடா, அவ வேலையே நின்னுடும்டான்னேன். ரெண்டு தரம் சொன்னேன். தெரியும்ணே, அதுக்குத்தான்னான். போவட்டும், விடு. எல்லாம் நல்லதுக்கே முடிஞ்சுது. மூணு பேரும் அங்க போயி சௌக்கியமா இருங்க. மனுல அவன் பேரும் இருக்கில்ல?

— நிகிதா பெயர் இருக்கிறது, அண்ணா. வியாழக்கிழமை கொடுக்க வேண்டிய குடும்ப விவரத் தாளில் கணவர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். நேற்று அவர் சொன்னது போல், சும்மா இருந்த சிப் என்று நினைத்துத் தெரியாமல் கழற்றியிருந்தால் பெயரை எழுதிவிடலாம் என்றுதான், முதலில் உங்களிடம் கேட்க வந்தேன்.